ஒரே அளவு

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் ஜெயபாய் மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முதன்முதலாகப் போடுகிற சுடிதார். சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்த பெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்து, மகள் ஜாஸ்மின்தான் ஓசூரிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தார். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சேலை கட்ட வழியில்லை. உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுகிற அதே இடத்தில், தொப்புளுக்கு இடப்பக்கமாக, பை ஒட்டியிருந்தது. அவசரத்தில் செய்த ஆபரேஷன். நீ பாவாடையை எங்கே கட்டுவாய் என்று கேட்டு அடையாளம் வைத்துக்கொள்ள அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. அதிலிருந்து அவள் நைட்டிதான், நைட்டியோடு வீட்டுக்குள்தான்.

மலக்குடலில் கட்டி. கட்டியை எடுத்த பிறகு குடலின் நுனியை வயிற்றில் ஒரு வாய் திறந்து வெளியே விட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கரன்ட் வைக்கிற கதிர்வீச்சு, மருந்தெல்லாம் முடிந்து உடம்பு தேறியதும் குடலை மறுபடி சேர்த்துத் தைத்துவிடலாம் என்று அப்போது சொன்னார்கள். அந்த ‘விடலாம்’ என்ற ஒற்றைச் சொல்லின் மேல்தான் எட்டு மாதமாகக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவது பேக் எடுத்த பிறகு. கடையில் வந்து உட்காருவது பேக் எடுத்த பிறகு. ஜாஸ்மினுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பார்க்க வரச் சொல்வது பேக் எடுத்த பிறகு. எடுக்கலாமா என்று ஸ்கேனைப் பார்த்து இன்றைக்குச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

பெலிக்ஸுக்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை. ஜாஸ்மின் பேக் சென்டர் என்று பெயர், மகள் பிறந்த வருஷம் போட்டது. ஸ்கூல் பேக், காலேஜ் பேக், டிராவல் பேக், லேடீஸ் பேக், சாப்பாட்டு பேக் என்று விட்டத்திலிருந்து தரை வரைக்கும் தொங்கும். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று அவர் யோசித்ததே இல்லை. ஜாஸ்மின் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு நாள் கடையில் உட்கார்ந்து டிக்ஷனரியைப் புரட்டி, அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் என்று வாசித்துக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதைக்கும் அதுதானாம். வேட்டைக்குப் போனவன் அடித்துக்கொண்டு வந்த பறவைகளுக்கும் அதுதானாம். பசுமாட்டு மடிக்கும், தொளதொளவென்ற கால்சட்டைக்கும்கூட அதுதானாம். ஒரு காரியம் கைக்கு வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று சொல்வதற்கும் வெள்ளைக்காரன் அந்தப் பையைத்தான் இழுக்கிறானாம். கல்லாவில் இருந்த ஜெயபாய், அவனுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று கேட்டுச் சிரித்தாள். அந்தக் காலத்தில் அவள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கடையில் வியாபாரம் அவள்தான் பார்ப்பாள். இரண்டு பேக் போதும் என்று வருகிறவர்களை மூன்று வாங்க வைத்து அனுப்புவாள். பெலிக்ஸ் உள்ளே பேக் துணி வெட்டுகிற மேஜையோடு சரி.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னும் சில அர்த்தங்கள் கிடைத்தன. ரத்தத்துக்கு ஒரு பேக், மூத்திரத்துக்கு ஒரு பேக், குளுக்கோஸுக்கு ஒன்று. தமிழும் லேசுப்பட்டதில்லை. இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை என்று வராந்தா நெடுகப் படம் போட்டு மாட்டியிருந்தார்கள். மனுஷனுக்கு உள்ளேயே இத்தனை பை இருக்கும்போது வெளியே ஒன்று எதற்கு என்று பெலிக்ஸ் அந்தப் படங்களின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பிய முதல் மாதம் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரும்போது சுருக்கென்றது. பேக் தாங்குமா என்று கேட்டார்கள். தண்ணீர் பாட்டில் வைத்தால் ஒழுகுமா, துவைத்தால் நாற்றம் போகுமா, எத்தனை வருஷம் வரும் என்று கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். பிறகு சுருக்கென்பது நின்றுவிட்டது. ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப் போகுமே, அந்த மாதிரி. கிள்ளினாலும் தெரியாது, ஆனால் அந்தக் காலை ஊன்றித்தான் நடக்கவேண்டும். ஜெயபாய் அந்தச் சொல்லை வாயால் சொல்வதை விட்டுவிட்டாள். அவளுக்கு அது வெறும் ‘அது’. வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முதல் நாளே அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். பேக் கடைக்காரிக்கே பேக் மாட்டியாச்சு என்று ஊர் சிரிக்கும், அதைத் தன்னால் தாங்க முடியாது என்றாள். அதனால் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது அவளுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன், அவ்வளவுதான்.

பையை மாற்றுவதை அவளே செய்துகொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுப்பாள், வெகு நேரம் ஃபேன் ஓடும், பிறகு வருவாள். பெலிக்ஸ் ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அவள் கூப்பிடவில்லை என்பது ஒன்று. கூப்பிடாதவரைக்கும் நல்லது என்று அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது என்பது இன்னொன்று. அவர் பங்குக்கு ஒரே ஒரு வேலைதான் செய்தார். அந்தப் பையின் வாயில் பசைத்தட்டு ஒன்று இருக்கும். வயிற்றில் திறந்திருக்கிற வாயின் அளவுக்கு அதில் வட்டமாகத் துளை வெட்டி ஒட்டவேண்டும். மற்ற வீடுகளில் ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். பெலிக்ஸ் தொழில்காரர் இல்லையா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அளந்து வட்டம் போட்டுக் கொடுத்த அட்டையைத் தகரத்தில் வைத்து மாதிரி எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பெட்டியில் இருந்த அத்தனை பைகளுக்கும் ஒரே மூச்சில் துளை போட்டு அடுக்கிவிட்டார். விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. கூரியரில் அடுத்த பெட்டி வந்தபோதும் அப்படித்தான், அதற்கடுத்த பெட்டிக்கும் அப்படித்தான். சாம்பிள் பாஸ் ஆகிவிட்டால் லாட் முழுக்க அதே அளவில்தான் வெட்டுவார்கள், மறுபடி அளக்கமாட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. அடுக்கி வைத்ததைப் பார்க்கும்போது, இவளுக்காக நாமும் ஏதோ செய்கிறோம் என்று அவருக்கு மனது கொஞ்சம் நிறையும்.

டாக்டருக்கு வயது குறைவுதான். ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டி, கீழே மிச்சமிருக்கிற பகுதி மிகவும் கொஞ்சம், கரன்ட் வைத்ததில் அங்கே சதை இறுகிவிட்டது, சேர்த்துத் தைத்தாலும் அடக்குகிற சக்தி இருக்காது, நாள் பூராவும் கக்கூஸுக்கு ஓடிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். கட்டி திரும்ப வரவில்லை, அதுதான் பெரிய விஷயம், இதோடு எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்றார். ஜெயபாய் சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இத எடுக்கவே மாட்டியளா டாக்டர்?”

“எடுக்காம இருக்கதுதாம்மா உங்களுக்கு நல்லது.”

அவள் தலையை ஆட்டினாள். நர்ஸ் பக்கத்து அறையில் வைத்து, தோல் எல்லாம் எப்படி இருக்கிறது, எரிச்சல் ஏதும் உண்டா என்று கேட்டபோது அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் அவர். திருமங்கலம் தாண்டியது. தனக்கு அழுகை வரும் என்று பெலிக்ஸ் எதிர்பார்த்தார். மடியில் கர்ச்சீப்பைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார். அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஜிப் ரோலுக்கு இன்னும் ஆர்டர் சொல்லவில்லையே என்ற நினைப்புதான் வந்தது. சீ, இது என்ன நினைப்பு என்று அதைத் தள்ளினால், அடுத்து ஓசூரில் இருக்கிற மகளுக்கு என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது, அதுவும் ஜிப் ரோலைப் போலவே ஒரு வேலையாகத்தான் தெரிந்தது. கல்லுப்பட்டியில் ஒரு அம்மாள் ஏறி, இந்தப் பேக்கைச் செத்த நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் பையை அவர் மடியில் வைத்தாள். தையல் விட்டுப்போன பை. அந்த அம்மாள் இறங்கும்வரைக்கும் அவர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஜெயபாய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வியர்த்திருந்தது. துப்பட்டாவை வயிற்றின்மேல் மடித்துப் போட்டு, கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“வில்லிபுத்தூர்ல எறங்கிருவோம்.”

ராஜபாளையத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே, பொறுக்க முடியாதா என்று அவர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவருக்கே வாடை வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா பெட்டியோடு ஏறுகிறவர்களுக்கு நடுவே அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு, அவள் வயிற்றை மறைத்தமாதிரி அவர் இறங்கினார். கட்டணக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜெயபாய் அந்த வரிசையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் பெலிக்ஸுக்குப் பாண்டிசெல்வியின் நினைவு வந்தது. அவர்கள் கடைக்கு வீட்டில் வைத்துப் பேக் கைப்பிடி தைத்துக் கொடுப்பவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. யாருக்கும் தெரியக்கூடாது என்று வாக்கு வாங்கியவளிடம் எப்படிச் சொல்வது என்று பெலிக்ஸ் தயங்கினார். ஜெயபாயே அந்தத் தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். காலை அகட்டி வைத்து, அவசரப்படவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நடந்தாள்.

பாண்டிசெல்வி முன்னறையில் மோட்டார் மெஷினில் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தைத்து முடித்தவை குவிந்து கிடந்தன. “வாங்கக்கா, வாங்க அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள், ஜெயபாயின் சுடிதாரைப் பார்த்தாள். துப்பட்டாவுக்குக் கீழே நனைந்து பரவியிருந்ததையும் பார்த்தாள். பின்கட்டில் குளிக்கிற அறையைத் திறந்து விளக்கைப் போட்டாள். அண்டாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். தன்னுடைய நைட்டி ஒன்றையும் துண்டையும் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

பெலிக்ஸ் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு கொஞ்சம் திறந்தது.

“செத்த உள்ள வாங்க. ஒட்ட மாட்டேங்குது.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், நைட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பார்த்தார். ஒரு புண்ணைப் பார்க்கப்போகிறோம் என்று எட்டு மாதமாகப் பயந்திருந்தார். அது புண் இல்லை. உதட்டுக்குள் இருக்கிற சதையைப் போலச் சிவந்து, ஈரமாக, சின்னதாக இருந்தது. யாரும் தொடாமலே லேசாகச் சுருங்கி விரிந்தது. புண் அதைச் சுற்றி இருந்தது. அந்தச் சிவந்த வாய்க்கு வெளியே வளையமாக, கழிவு பட்டுப் பட்டுத் தோல் உரிந்து வெந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. கம்பாஸ் வைத்துப் போட்டதுபோல அப்படி ஒரு சுத்தமான வட்டம். அதன் வெளி விளிம்பு எந்த அளவு என்று பெலிக்ஸுக்கு அளக்காமலே தெரிந்தது. தகரத்தில் அவர் எடுத்த மாதிரி அது. அவள் பக்கத்தில் வைத்திருந்த புதுப் பையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். துளையின் விளிம்பும் வெந்த தோலின் விளிம்பும் இம்மி பிசகாமல் பொருந்தின. உள்ளே அந்த வாய் மட்டும் நடுவில் தனியாக நின்றது.

“இது எப்பருந்து இப்படிச் சின்னதாச்சு?”

“கிறிஸ்மஸுக்கு முன்னாடியே சுருங்கிட்டு.”

“ஏட்டி, ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க அம்புட்டையும் வெட்டி வச்சிட்டிய. எப்பிடியும் எடுத்துருவாக, அதுவரைக்கும்தான, பொறுத்துக்கிடலாம்னு இருந்தேன்.” பிறகு, அழாமல், சாதாரணமாகச் சொன்னாள். “இனிமே என்னால முடியாதுங்க.”

அவருக்கு அவள் கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றியது. அவள் இரண்டு கையும் நைட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தன. அந்த ஃபேன் வெகு நேரம் ஓடியது எதற்காக என்று இப்போது விளங்கியது. கசிவு காய்கிறவரைக்கும் அவள் ஒவ்வொரு தடவையும் படுத்துக் கிடந்திருக்கிறாள், அவர் வெளியே டீவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். வருத்தம் வரவேண்டிய இடத்தில் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை.

அவள் கொண்டுவந்திருந்த சாப்பாட்டு பேக்கை, அவர் கடையிலிருந்து கொடுத்த பேக்தான் அது, திறந்து பார்த்தார். உள்ளே இன்னும் இரண்டு பைகள். இரண்டும் வெட்டியவை, இரண்டும் அதே அளவு. வெட்டியதைக் குறைக்க முடியாது என்பது தொழிலில் முதல் பாடம். அவர் தரையில் குந்தி உட்கார்ந்தார். ஒரு பையின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, அந்த உறையை அவள் வயிற்றுக்கு நேரே பிடித்து, உள்ளே தெரிந்த அந்தச் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தார். கோடு கோணலாக வந்தது. அது முழு வட்டமே இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. வட்டம்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். பேக்கில் கிடந்த சின்னக் கத்தரிக்கோலால் இரண்டாவது பையின் பசைத்தட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி, அந்தக் கோட்டுக்குத் தக்கபடி வளைத்து, வெந்த தோலை மூடுகிறமாதிரி ஒட்டுப் போட முடியுமா என்று பார்த்தார். முதல் பட்டை அகலம் போதவில்லை. இன்னொன்று வெட்டினார். துண்டின் நுனியால் ஒற்றி, அட்டையால் விசிறி, மறுபடி ஒற்றினார். விரல் பட்டபோது அவள் பல்லைக் கடித்தாள். வலிக்கிறதா என்று கேட்டார். அதில் வலி கிடையாது, சுற்றித்தான் என்றாள். தன் உடம்பைப் பற்றி எட்டு மாதத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் தகவல் அதுவாகத்தான் இருக்கும்.

முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. விடாமல் ஓடியது. அந்தச் சத்தம் பின்கட்டுவரைக்கும் அதிர்ந்தது. அதற்கு நடுவே அந்த வாய் தானாக ஒரு சத்தம் போட்டது. ஜெயபாய் வெட்கப்பட்டுக் கதவைப் பார்த்தாள். மெஷின் நிற்கவில்லை.

ஒட்டி முடித்து உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சூடு பிடிக்கிறவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரன் தாளில் அப்படிச் செய்யச் சொல்லிப் போட்டிருந்தான், அவர் வாசித்திருக்கிறார். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ மெதுவாக அசைந்தது. ஜாஸ்மின் வயிற்றில் இருந்தபோது இதே இடத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறோம் என்ற நினைவு வந்தது. அவள் அவர் கையை எடுக்கச் சொல்லவில்லை.

“வீட்டுல இருக்க புதுப் பெட்டிய வெட்டிராதீய.”

“இல்ல.”

“ஒண்ணொண்ணா வெட்டுங்க. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு வெட்டுங்க.”

“சரி.”

அவள் முகம் கழுவிக்கொள்ளவேண்டும் என்றாள். நனைந்த சுடிதாரையும் கழற்றிய பையையும் அவர் பேப்பரில் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். பாண்டிசெல்விக்கு என்ன சொல்வது என்று நடந்துகொண்டே தேடினார். வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்லலாம். பஸ்ஸில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம்.

பாண்டிசெல்வி மெஷினில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலை அழுத்தியபடி, எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்த கைப்பிடிகள் ஒரு பக்கமும் தைக்காதவை மறுபக்கமும் அவர்கள் வந்தபோது கிடந்தபடியே கிடந்தன. அவளுடைய இரண்டு கையும் மடியில் இருந்தன. ஊசிக்குக் கீழே துணி இல்லை. வெறும் தகட்டில் ஊசி படபடவென்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

அவர் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பாமல், பொட்டலத்தை எங்கே போடுவது என்பதற்குக் கொல்லைப்பக்கம் தாடையைக் காட்டினாள். பின்கட்டில் ஜெயபாய் இன்னும் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாண்டிசெல்வி மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.